சபையில் வாசிக்கப்பட்ட கடிதம்

பிரதேச சபை உறுப்பினர்களின் நடத்தையைப் பற்றிச் சனங்கள் கொண்டுவரும் முறைப்பாடுகளை வாங்குவதுதான் கண்டியில் என் உத்தியோகமாக இருந்தது. வாங்குவது, பதிவது, தமிழில் இருந்தால் சிங்களத்துக்கு மாற்றுவது, மேலதிகாரியின் மேசையில் வைப்பது. அதற்குப் பிறகு நடப்பதற்கு நான் பொறுப்பில்லை என்று நியமனக் கடிதத்தில் எங்கும் எழுதியிருக்கவில்லை. ஆனால் எங்கள் கந்தோரில் எல்லோரும் அப்படித்தான் நம்பினார்கள், நானும் வெகுகாலம் நம்பினேன்.

கந்தோரின் பெயரையோ அந்தச் சபையின் பெயரையோ நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் வேறொருத்தியின் பெயரும் கூடவே வெளியே வந்துவிடும். என்னால் அது ஒரு தடவை வந்தாயிற்று.

நான் பிறந்தது யாழ்ப்பாணத்தில். மூன்று வருடம் இருந்துவிட்டு இடமாற்றம் எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்று வந்தவள், கட்டுகஸ்தோட்டையில் பாலத்துக்குக் கிட்ட ஒரு மேல்மாடி வீட்டை வாடகைக்கு எடுத்து, அங்கிருந்தே பஸ் ஏறிக் கண்டிக்குப் போய் வந்து பத்தொன்பது வருடத்தைக் கழித்துவிட்டேன். கந்தோரில் தமிழ் எழுத வாசிக்கத் தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒன்று நான், மற்றவர் அக்குறணையிலிருந்து வரும் ஆவணக் காப்பாளர். முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுவது போல அவரை எல்லோரும் நானா என்போம். அவர் ஆவண அறையை விட்டு அசையமாட்டேன் என்று சொல்லிவிட்டதால் முறைப்பாட்டு மேசை என் தலையில் வந்து விழுந்தது.

எத்தனை விதமான முறைப்பாடுகள். தனக்கு வாக்குப் போடாத ஒழுங்கைக்கு மட்டும் தெரு விளக்கு பூட்டவிடாத உறுப்பினர் ஒருவர். பக்கத்து வீட்டுக்காரனோடு கோபித்துக்கொண்டு சபையின் மண் வெட்டும் இயந்திரத்தைக் கொண்டுவந்து வாய்க்காலை அவன் வாசலுக்குத் திருப்பிவிட்ட இன்னொருவர். விண்ணப்பம் கொண்டுபோன கிழவியின் கையிலிருந்து அதைப் பறித்து நிலத்தில் எறிந்துவிட்டுக் குனிந்து பொறுக்கச் சொன்ன மூன்றாமவர். தேர்தல் காலத்தில் கும்பிட்ட கைகள்தான் எல்லாம். வாசிக்கும்போது வயிறு எரியும். எரிந்துகொண்டே முத்திரை குத்துவேன்.

இந்த முறைப்பாடுகளுக்கு நாங்கள் செய்கிற வைத்தியத்தையும் சொல்லிவிட வேண்டும். யாரைப் பற்றி முறைப்பாடோ அவர் உட்கார்ந்திருக்கும் சபைக்கே அதை 'அறிக்கைக்காக' அனுப்பிவைப்போம். அந்தச் சபையின் செயலாளர், தினமும் அந்த உறுப்பினரின் முகத்தில் முழிக்கிற மனிதர், விசாரித்ததில் அவ்வாறான சம்பவம் எதுவும் நடைபெறவில்லை என்று மூன்று வரியில் பதில் எழுதுவார். நாங்கள் அதை வாசித்துத் திருப்தியடைந்து கடிதக் கோவையை மூடுவோம். ஒரு மனிதனைப் பற்றிய குறையை அவனுடைய வீட்டு முற்றத்திலேயே வைத்து விசாரிப்பதைப் போன்றது இது. ஆனாலும் கடிதத் தலைப்பு, இலக்கம், இணைப்பு, பிரதி என்று எல்லாம் ஒழுங்காக இருக்கும்.

எனக்கு முன்னால் அந்த மேசையில் இருந்தவர் தமிழ்க் கடிதங்களை மொழிபெயர்ப்பதில்லை. சுருக்கம் எழுதுவார். ஒரு ஏழை மனிசி மூன்று பக்கம் அழுது எழுதியிருப்பாள், அவர் அதை 'வீதி தொடர்பான பிணக்கு' என்று ஒரே வரியில் அடக்கிவிடுவார். அவருடைய பழைய கோவைகளைப் புரட்டிப் பார்த்தபோது எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. என் காலத்தில் ஒரு சொல்லும் விடுபடாது என்று அன்றைக்கே தீர்மானித்தேன். சனங்கள் சொன்னதைச் சொன்னபடி சிங்களத்தில் எழுதினேன், கெட்ட வார்த்தை இருந்தால் கெட்ட வார்த்தையையும் எழுதினேன். அந்தக் கந்தோரில் எனக்கு இருந்த ஒரே பெருமை அதுதான்.

அவள் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, மழை விடாமல் தூறிக்கொண்டிருந்தது. முப்பது வயதிருக்கும். குடையை வெளியே வைத்துவிட்டு, கழுத்துச் சங்கிலியில் தொங்கிய சிலுவையைப் பிடித்தபடி வாசலிலேயே நின்றாள். உள்ளே வாங்கோ பிள்ளை என்று நான் மூன்று தரம் கூப்பிட்ட பிறகுதான் கதிரையில் வந்து உட்கார்ந்தாள். ஒரு பிரதேச சபையின் வாசிகசாலையில் அமைய ஊழியராக வேலை செய்கிறாள் என்று தெரிந்தது. ஏழு வருடமாக அமைய ஊழியர், நாட்சம்பளம்தான். நிரந்தரமாக்குகிற பட்டியல் அந்த வருடம்தான் தயாராகிக்கொண்டிருந்தது.

அவள் நீட்டிய தாளில் நான்கு வரி இருந்தது. சபை உறுப்பினர் ஒருவர் தன்னிடம் மரியாதைக் குறைவாக நடக்கிறார், தயவுசெய்து நடவடிக்கை எடுக்கவும். கீழே பெயர் இல்லை.

"பேரு போடாம குடுக்க ஏலுமா மிஸ்?" என்று கேட்டாள்.

"ஏலாது பிள்ளை. பேர் விலாசம் இல்லாத கடிதத்தை இஞ்ச பதியமாட்டம். சுற்றறிக்கை அப்பிடி."

"பேரு போட்டா அவருக்குத் தெரிஞ்சிருமே."

"தெரிஞ்சால் என்ன? நீங்கள் பிழை ஒண்டும் செய்யேல்லைத்தானே."

இதை நான் சொன்னேன். இவ்வளவு வருடம் அந்த மேசையில் இருந்து, எத்தனை பதில் கடிதங்களைப் பார்த்துவிட்டு, வாய் கூசாமல் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் நம்பிக்கையோடு பேசுகிற மாதிரி இருந்திருக்க வேண்டும், பேனையை எடுத்துப் பெயரை எழுதினாள்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் நான்கு வரியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இதை அனுப்பினால் அவர்கள் சிரித்துவிட்டு மூடிவைத்துவிடுவார்கள் என்றேன். மரியாதைக் குறைவு என்றால் என்ன மாதிரி, எந்த நாள், எத்தனை மணிக்கு, என்ன சொன்னார், எங்கே நின்று சொன்னார், எல்லாம் எழுத வேண்டும், அப்போதுதான் ஒருவராலும் தட்டிக்கழிக்க முடியாது என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நான் பியோனை அனுப்பித் தேத்தண்ணி எடுப்பித்தேன்.

இரண்டு மணித்தியாலம் எழுதினாள். எழுதுவாள், வெட்டுவாள், யன்னலைப் பார்ப்பாள். சில இடங்களில் நான் கேள்வி கேட்டேன், அவள் மெல்லிய குரலில் சொன்னாள், எழுதுங்கோ அதையும் எழுதுங்கோ என்றேன். அவர் பகல் இரண்டு மணிக்கு வாசிகசாலையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து வருவாராம். மேல் தட்டிலிருக்கும் பழைய பத்திரிகைக் கட்டுத்தான் வேண்டும் என்பாராம். அவள் ஸ்டூலில் ஏற வேண்டும். விழுந்துவிடுவீர்கள் என்று சொல்லி இடுப்பைப் பிடிப்பாராம். பச்சைச் சேலை கட்டியிருந்த நாளில் ஒன்று சொல்லியிருக்கிறார். அதை நான் திரும்ப எழுதமாட்டேன். நிரந்தரமாக்கும் பட்டியல் தன் கையில் இருக்கிறது என்று கடைசியாகச் சொன்னாராம். இது ஒன்றிரண்டு நாள் கதையில்லை, இரண்டு வருடக் கதை.

"வீட்டில சொன்னனீங்களோ?" என்று கேட்டேன்.

"இல்ல மிஸ். அவருக்குக் கோவம் கூட. ஒண்ணு அவன வெட்டிருவாரு, இல்லாட்டி என்னை வேலைக்குப் போக வேணாம்னு நிப்பாட்டிருவாரு. இங்க வந்ததுகூட அவருக்குத் தெரியாது."

கணவர் கட்டுகஸ்தோட்டையில் ஒரு இரும்புச் சாமான் கடையில் நிற்கிறார் என்றாள். பிள்ளை ஒன்று, நர்சரிக்குப் போகிறது. போகும்போது, "வேல போயிராதே மிஸ்?" என்று மட்டும் கேட்டாள். போகாது என்றேன்.

அந்தக் கடிதத்தை மூன்று நாள் இருந்து மொழிபெயர்த்தேன். அவ்வளவு கவனமாக நான் எதையும் எழுதியதில்லை. அந்த உறுப்பினர் சொன்ன சொல்லுக்குச் சரியான சிங்களச் சொல் எதுவென்று பக்கத்து மேசைக்காரியைத் தனியே கூட்டிக்கொண்டுபோய்க் கேட்டேன். அவள் முகம் சிவந்து, இதையெல்லாம் எழுதத்தான் வேண்டுமா என்றாள். எழுதத்தான் வேண்டும் என்றேன். மேலதிகாரி கையெழுத்து வைக்க முன் தாள்களைத் தூக்கிப் பார்த்துவிட்டு, முழுவதையும் இணைக்காமல் ஒரு சுருக்கம் போட்டால் போதாதா என்று கேட்டார். நல்ல மனிதர், சோம்பேறித்தனத்தில் கேட்டாரோ யோசித்துக் கேட்டாரோ எனக்குத் தெரியாது. சுருக்கினால் பாரம் குறைந்துவிடும் சேர் என்று சொன்னேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டுக் கையெழுத்து வைத்தார்.

நானா மட்டும் பதிவுத் தபாலுக்குக் கட்டும்போது கையை நிறுத்தினார்.

"மிஸ், மேலேருந்து போற கடிதத்த அங்க மாசக் கூட்டத்துல வாசிப்பாங்களே. தெரியுந்தானே?"

"முகப்புக் கடிதத்தைத்தானே நானா வாசிக்கிறது. இணைப்பை வாசிக்கிறேல்லையே."

"அப்பிடித்தான் ஈக்கும்," என்றார். சொல்லிவிட்டு நூலை முடிச்சுப் போட்டார்.

ஒரு தொலைபேசி எடுத்துக் கேட்டிருக்கலாம். அந்தச் சபையில் என்ன வழக்கம் என்று கேட்க ஐந்து நிமிடம் செல்லாது. எனக்குத் தோன்றவில்லை. கடிதம் நன்றாக வந்திருக்கிறது என்ற எண்ணத்திலேயே அன்று பஸ் ஏறினேன். நல்ல காரியம் ஒன்று செய்துவிட்ட பூரிப்பு. நினைத்தால் இப்போது நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

அவள் மறுபடி வந்தது அடுத்த மாதம். இந்த முறை கூப்பிட வேண்டியிருக்கவில்லை. நேரே வந்து உட்கார்ந்து, மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

அவளுடைய சபையில் மாதக் கூட்டத்தன்று அமைய ஊழியர்களைத் தேத்தண்ணி கொடுக்கக் கூப்பிடுவார்களாம். வாசிகசாலையைப் பூட்டிவிட்டு அவளும் போயிருக்கிறாள். தட்டத்தோடு மண்டபத்துக்குள் போகும்போது கிடைத்த கடிதங்களை வாசித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். செயலாளர் பயந்த மனிதர். மேலிடத்துக் கடிதத்தில் எதையாவது வாசிக்காமல் விட்டால் மறைத்தார் என்று எவனாவது எழும்பிக் கத்துவான் என்று, இணைப்புக்களையும் சேர்த்து முதலிலிருந்து கடைசிவரை வாசிக்கச் சொல்வது அவருடைய வழக்கம். எழுதுவினைஞர் ஒருவர் எழும்பி நின்று, சந்தை விலை வாசிப்பது போல ஒரே குரலில் வாசித்திருக்கிறார்.

"நான் ரெண்டாவது வரிசைக்கு டீ குடுத்துட்டு இருந்தேன் மிஸ். ஏதோ வாசிகசாலை, ஸ்டூல் அப்பிடின்னு காதுல விழுந்துச்சு. யாரோட கதையோன்னு நெனச்சேன். என்னான்னா, சிங்களத்துல கேக்கும்போது வேற யாருக்கோ நடந்த மாதிரி இருந்திச்சு. அப்பறம் பச்சச் சேலன்னு வந்திச்சு." விரலால் மேசை விளிம்பைத் தடவினாள். "அப்பதான் என் கதைன்னு தெரிஞ்சிச்சு. கையில தட்டம். வெக்கிறதுக்கு எடமில்ல. எல்லாரும் என்னயத்தான் பாக்குறாங்க. பேரையும் வாசிச்சாங்க, வீட்டு நம்பரையும் வாசிச்சாங்க."

"நீங்கள் வெளியில போகேல்லையோ?"

"மூணாவது வரிசைக்கு இன்னும் குடுக்கலயே மிஸ்."

குடுத்திருக்கிறாள். அந்த உறுப்பினர் மூன்றாவது வரிசையில்தான் இருந்திருக்கிறார். கோப்பையை எடுத்துக்கொண்டு எழும்பி நின்று, இந்தப் பெண்ணைத் தன் சொந்தத் தங்கையாக நினைப்பதாகவும், தமிழ்ப் பிள்ளையாயிற்றே என்று கூடுதலாகப் பரிவு காட்டியது தன் பிழை என்றும், இது எதிரணியினர் தூண்டிவிட்ட வேலை என்றும் பேசியிருக்கிறார். கையும் தட்டியிருக்கிறார்கள். சபையில் பெண் உறுப்பினர்களும் நாலைந்து பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் குனிந்து கைப்பையைத் திறந்து எதையோ தேடினார் என்றாள்.

நான் எழுதிய சிங்களம் அது. ஒவ்வொரு சொல்லும் நான் தேடிப்பிடித்தது. மன்னித்துக்கொள் பிள்ளை என்று சொன்னேனா என்றுகூட நினைவில்லை. சொல்லியிருந்தாலும் அதை வைத்து அவள் என்ன செய்ய முடியும்?

மேலதிகாரியிடம் போனேன். இப்படி வாசிக்கலாமா சேர் என்று கேட்டேன், குரல் உயர்ந்துவிட்டது. அவர் சட்டப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தார். வாசிக்கக் கூடாது என்று எங்கும் இல்லை என்றார். பிறகு இன்னொன்றும் சொன்னார், நான் சுருக்கத்தைத்தானே கேட்டேன் மிஸ் என்று. அவர் குத்திக்காட்டவில்லை, சும்மாதான் சொன்னார். எனக்கு அந்த அறையின் நிலம் பிளந்து உள்ளே போய்விட்டால் நல்லது போலிருந்தது.

ஒரு கிழமை கழித்துக் கணவரையும் கூட்டிக்கொண்டு வந்தாள். கூட்டிக்கொண்டு வந்தாளா, இழுத்துக்கொண்டு வந்தாரா தெரியாது. கடைக்கு வரும் சனங்கள் மூலம் அவருக்கு எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆணி வாங்க வந்தவன்கூட ஸ்டூல் இருக்கிறதா என்று கேட்டுச் சிரித்தானாம். உயரமான, மெலிந்த மனிதர். கோபக்காரர் என்று அவள் சொல்லியிருந்ததால் நான் சத்தத்துக்குத் தயாராக இருந்தேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்று தணிந்த குரலில் பேசினார்.

"மிஸ், நான் சண்டைக்கு வரல. ஒண்ணு மட்டும் கேக்கணும். இதெல்லாம் நெசமா நடந்திச்சா, இல்ல கடிதம் பலமா இருக்கணும்னு நீங்க சொல்லி எழுதினதா? அவ, மிஸ்தான் எழுதச் சொன்னாங்கன்னு சொல்றா. நெசமா இருந்தா ரெண்டு வருஷமா ஏன் எங்கிட்ட சொல்லல?"

அவள் அவருக்குப் பின்னால் நின்றாள். கண்ணால் என்னைக் கெஞ்சினாள். அவள் என்ன கேட்கிறாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. அவள் வீட்டில் ஏற்கெனவே அந்தக் கதையைச் சொல்லிவிட்டாள், நான் ஆமென்றால் போதும். நடந்தது உண்மை என்று நான் சொன்னால், இந்த மனிதன் வெட்டுக்கத்தியோடு போவான், இல்லையென்றால் இவளைத் தாய் வீட்டுக்கு அனுப்புவான், வேலையும் போகும். அப்படித்தான் அந்த ஒரு நிமிடத்தில் கணக்குப் போட்டேன்.

"ஓம் தம்பி," என்றேன். "அவ நாலு வரிதான் எழுதிக்கொண்டு வந்தவ. மிச்சமெல்லாம் நான் சொல்லித்தான் எழுதினவ. கடிதம் எடுபடவேணும் எண்டு நான்தான் கூட்டிப் போட்டனான். பிழை என்னில."

அவர் கட்டியிருந்த கையை அவிழ்த்தார். "படிச்சவங்க இப்பிடிச் செய்யலாமா?" என்று கேட்டார். அவ்வளவுதான். என்னை அவர் அடித்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். திரும்பி மனைவியின் தோளைத் தொட்டார். இரண்டு பேரும் படியிறங்கிப் போனார்கள், மழைக்கு ஒரே குடையைப் பிடித்துக்கொண்டு.

சரியாகத்தான் செய்தேன் என்று நினைத்தேன். சேதத்தில் பாதியையாவது தடுத்துவிட்டேன் என்று.

பத்து நாளில் அவளுடைய இரண்டாவது கடிதம் தபாலில் வந்தது. முறைப்பாட்டை மீளப்பெறுகிறேன், முறைப்பாட்டுக் கருமபீடத்திலிருந்த உத்தியோகத்தர் தூண்டியதால் நடக்காததை எழுதிவிட்டேன், உறுப்பினர் அவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எழுத்து அவளுடையது, சொற்கள் வேறு யாருடையவோ. சபையின் கடிதத் தாளிலேயே எழுதியிருந்தது. பிரதி அந்த உறுப்பினருக்கும் போயிருந்தது.

தமிழ்க் கடிதம் அல்லவா, அதையும் மொழிபெயர்ப்பது என் வேலைதான். நானா, தான் செய்து தருவதாகச் சொல்லி ஆவண அறையிலிருந்து வெளியே வந்தார். அவர் அப்படித் தானாக வெளியே வந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வேண்டாம் நானா என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து நானே செய்தேன். என்னைப் பற்றி எழுதியிருந்த வரிகளையும் எழுதியபடியே சிங்களத்தில் போட்டு, இணைப்பாக வைத்து, மேலதிகாரியிடம் கொடுத்தேன்.

அவர் என்னிடம் எழுத்தில் விளக்கம் கேட்டார். கேட்க வேண்டியது அவருடைய கடமை. அறைக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, உண்மையைச் சொல்லுங்கள் மிஸ், இந்தப் பிள்ளை சொல்வது சரியா என்று கேட்டார். அவருக்குத் தெரியும். என்னைப் பத்து வருடத்துக்கு மேலாகத் தெரிந்தவர், நான் ஒரு அரைப்புள்ளியைக்கூடக் கூட்டிப் போடமாட்டேன் என்று தெரிந்தவர். இல்லை என்று நான் எழுதினால் விசாரணை வரும், அவளைக் கூப்பிடுவார்கள், அந்தக் கணவரையும் கூப்பிடுவார்கள். சரிதான் சேர் என்றேன். அப்படியே எழுதிக் கையெழுத்தும் வைத்தேன்.

என் சுயவிபரக் கோவையில் ஓர் எச்சரிக்கைக் கடிதம் ஏறியது. முறைப்பாட்டு மேசையிலிருந்து என்னை எடுத்து வாகனப் பதிவுப் பிரிவில் போட்டார்கள். நான் இருந்த இத்தனை வருடத்தில் அந்த மேசைக்கு வந்த முறைப்பாடுகளில் முழுமையாக விசாரித்து, குற்றம் நிரூபித்து, தண்டனையும் கொடுத்து முடித்தது இது ஒன்றுதான். பக்கத்து மேசைக்காரி இதைக் கேட்டுச் சிரித்தாள், நானும் சேர்ந்து சிரித்தேன். பிறகு கழிவறைக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன்.

என் மேசைக்குப் புதிதாக வந்தவர் கெட்டிக்காரர். சுருக்கம்தான் எழுதுகிறார்.

ஒன்றரை வருடம் கழித்து அவளைக் குட்ஷெட் பஸ் நிலையத்தில் கண்டேன். சனக் கூட்டத்துக்குள் அவள்தான் முதலில் கண்டு கூப்பிட்டாள். முகம் கொஞ்சம் வற்றியிருந்தது. வெள்ளையில் நீலக் கரை போட்ட சேலை கட்டியிருந்தாள்.

"மிஸ், சுகமா இருக்கீங்களா? வேல நிரந்தரமாயிருச்சு. போன மாசந்தான் கடிதம் வந்திச்சு."

எனக்கு உண்மையிலேயே சந்தோசமாக இருந்தது. இவ்வளவு நாளும் நெஞ்சில் கிடந்தது கொஞ்சம் இளகியது. எல்லாவற்றையும் போட்டுடைத்தாலும் கடைசியில் ஒன்றாவது தேறியிருக்கிறதே என்று நினைத்தேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பிள்ளை எப்படி என்று கேட்டேன், பாடசாலைக்குப் போகிறது என்றாள். வீட்டுக்காரர் நன்றாக இருக்கிறார், முன்னையைவிடப் பட்சமாக இருக்கிறார் என்றாள். பிறகு, கேட்காமல் இருக்க முடியாமல், குரலைத் தாழ்த்தி அந்த உறுப்பினரைப் பற்றிக் கேட்டேன்.

அவள் பஸ் வருகிற பக்கம் பார்த்தாள்.

"வாராரு மிஸ். அதே ரெண்டு மணிக்கு. நிரந்தரக் கடிதத்தையே அவருதான் கையில கொண்டாந்து குடுத்தாரு." சேலைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்தாள். "முந்தியாச்சும் ஆளுங்க வார சத்தம் கேட்டா விட்டுருவாரு. இப்ப அந்தப் பயமும் இல்ல."

"இப்பவாவது வீட்டுக்காரரிட்டச் சொல்லுங்கோ பிள்ளை," என்றேன். "நல்ல மனிசன் போலத்தான் கிடக்கு. அவருக்குச் சொல்லுங்கோ. அவர் பாத்துக்கொள்ளுவார்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபமே இல்லை அந்தப் பார்வையில். கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன். விளங்காத ஆளுக்கு விளங்கப்படுத்துகிற மாதிரி, பொறுமையாகச் சொன்னாள்.

"எப்பிடி மிஸ் சொல்றது? அதெல்லாம் நடக்கலன்னு அவரு உங்க வாயாலயே கேட்டாரே. இப்ப நான் சொன்னா, இந்தத் தடவ யாரு எழுதிக் குடுத்தான்னுதானே கேப்பாரு."

அவளுடைய பஸ் வந்தது. சனம் முண்டியடித்து ஏறியது. கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, போய்ட்டு வாரேன் மிஸ், அரை நாள் லீவுதான், மத்தியானத்துக்கு முன்ன வாசிகசாலையத் திறக்கணும் என்று சொல்லி, சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவளும் ஏறினாள்.